மட்டை யாருடையது?

பரளச்சிக் கண்மாயில் தண்ணீர் நிற்கிற மாதங்களைவிட நிற்காத மாதங்களே அதிகம். சம்சாரிகளுக்கு அது துக்கம், பையன்களுக்கோ கொண்டாட்டம். மாசி பிறந்து, கடைசிக் குட்டையும் வற்றி, அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்துவிட்டால், அதைவிட விசாலமான மைதானம் அருப்புக்கோட்டைக்குப் போய்த் தேடினாலும் கிடைக்காது. சிறு வயதில் அங்கே கிட்டிப்புள் ஆடினோம். பிறகு கிரிக்கெட் வந்தது. பூவரச மரத்தில் ஆசாரி செதுக்கிக் கொடுத்த மட்டை ஒன்று, ரப்பர் பந்து ஒன்று, ஸ்டம்புக்குப் பதில் மூன்று கருவேலங் குச்சிகள். இவ்வளவுதான் எங்கள் சாமான்.

மட்டை ஒரு வசதியுள்ள வீட்டுப் பையனுடையது. ஆகவே அவன்தான் காப்டன். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. முதலில் அவன் ஆடுவான். அவன் அவுட் ஆனாலும் இன்னொரு பந்து ஆடுவான். வீட்டில் கூப்பிட்டால் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான், அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஆனால் எங்களில் நிஜமாக ஆடத் தெரிந்தவன் ஆடு மேய்க்கிற பையன் ஒருவன். கரையோரம் ஆடுகளை விட்டுவிட்டு, கடைசி ஆளாக மட்டையைப் பிடிப்பான். மற்றவர்கள் பந்தைத் தட்டுவார்கள், அவன் அறைவான். பந்து கண்மாய்க் கரையைத் தாண்டி, அப்பால் இருக்கும் சீமைக் கருவேல முள்ளுக்குள் போய் விழும். அதை எடுத்துவர அரை மணி நேரம் ஆகும். ஒருநாள் காப்டன் ஒரு சட்டம் போட்டான்: "டேய், இனிமே முள்ளுக்குள்ள அடிச்சா அவுட்!"

அவ்வளவு நன்றாக அடித்தவனை அடித்ததற்காகவே அவுட் ஆக்கிய சட்டம் அது. நாங்களும் ஒப்புக்கொண்டோம். மட்டை அவனுடையதாயிற்றே!

இந்தக் கண்மாய் நியாயத்துக்கும் பெரிய மைதானங்களின் நியாயத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பது எனக்குப் புரியப் பல வருஷங்கள் ஆயின. பழைய ஆட்டக்காரர்களின் சரித்திரங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது, பூமியின் இரண்டு கோடிகளில் ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு மனிதர்கள் அதைப் புரிய வைத்தார்கள். இருவரும் பந்தை அடிப்பதற்கென்றே பிறந்தவர்கள்.

1895-ஆம் வருஷம் பிப்ரவரி 6-ஆம் தேதி அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஒரு சாராயக் கடைக்காரருக்கு ஒரு பிள்ளை பிறந்தது. ஜார்ஜ் ஹெர்மன் ரூத் என்று பெயர் வைத்தார்கள். உலகம் பிற்பாடு அவனை 'பேப் ரூத்' என்று அழைத்தது. அதே வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி நமது தேசத்தில் நாகபுரியில் ஒரு வசதியான தெலுங்குக் குடும்பத்தில் இன்னொரு பிள்ளை பிறந்தது. அதன் பெயர் கொட்டாரி கனகய்ய நாயுடு. இந்தியா அவரை 'ஸி.கே.' என்ற இரண்டு எழுத்துக்களில் அறிந்துகொண்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஒருவர் ஆடியது பேஸ்பால். மற்றவர் ஆடியது கிரிக்கெட். ஆனாலும் அவர்களுடைய ஜாதகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே கேள்வி இரண்டிலும் எழுகிறது. அடிக்கிற கை ஒன்று, ஆள்கிற கை ஒன்று என்று உலகம் ஏன் பிரித்து வைத்திருக்கிறது?

*

முதலில் அமெரிக்கக்காரரைப் பார்ப்போம்.

ரூத் அடங்காத பிள்ளை. ஏழு வயதிலேயே பெற்றோர் அவனைக் கொண்டுபோய்ப் பாதிரிமார் நடத்திய செயின்ட் மேரி தொழிற் பள்ளியில் விட்டுவிட்டார்கள். அங்கே அவனுக்குச் சட்டை தைக்கக் கற்றுக் கொடுத்தார்கள். மத்தயாஸ் என்ற துறவி பேஸ்பாலும் கற்றுக் கொடுத்தார். சட்டை தைக்கிற வேலை அவனுக்குத் தேவைப்படவில்லை. 1914-ல், பத்தொன்பது வயதில், சம்பளத்துக்கு ஆடப் போய்விட்டான்.

பேஸ்பால் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆட்டத்தில் மட்டை உருண்டையானது, உலக்கையின் ஒரு துண்டைப் போல இருக்கும். பந்து தரையில் படாமல் நேரே வரும். அடித்த பந்து மைதானத்தின் முன்புற வேலியைத் தாண்டி வெளியே விழுந்தால் 'ஹோம் ரன்' என்பார்கள். நமது ஸிக்ஸருக்கு அது தாயாதி. ரூத் வருவதற்கு முன்பு அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆள் இல்லாத இடம் பார்த்துச் சாமர்த்தியமாகத் தட்டிவிட்டு ஓடுவதுதான் அந்தக் காலத்துக் கெட்டிக்காரத்தனம். ரூத்தோ மட்டையின் அடிநுனியைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதும் சுழல வீசினார். பட்டால் பந்து வேலிக்கு அப்பால். படாவிட்டால் ஆள் வெளியே. நடுவழி கிடையாது. அப்படி வெறும் காற்றை வீசி அவர் வெளியேறியது 1,330 முறை. வேலியைத் தாண்டி அடித்தது 714 முறை. உலகம் நினைவில் வைத்திருப்பது இரண்டாவது கணக்கைத்தான்.

1919 வரை அவர் பாஸ்டன் நகரத்து டீமில் இருந்தார். பந்து வீசுவதிலும் மகா சமர்த்தர். 1920 ஜனவரியில் அவரை நியூயார்க் யாங்கீஸ் டீமுக்கு விற்றுவிட்டதாக அறிவித்தார்கள். விற்றுவிட்டதாக என்று நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அந்த நாளைய ஒப்பந்தப்படி ஒரு டீமில் சேர்ந்த ஆட்டக்காரன் தானாக இன்னொரு டீமுக்குப் போக முடியாது. வருஷா வருஷம் அவனைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. வேண்டாமென்றால் சந்தையில் மாட்டை விற்கிற மாதிரி விற்கலாம். ஆட்டக்காரர்களைக் கட்டிப் போட்ட அந்த விதி 1975-ஆம் வருஷக் கடைசியில்தான் உடைந்தது. ரூத் கைமாறிய விலை லட்சம் டாலர் அளவில். அந்தப் பணம் ஆட்டக்காரருக்கு அல்ல, முதலாளிக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நியூயார்க்கில் முதல் வருஷமே 54 ஹோம் ரன் அடித்தார். மறு வருஷம் 59. கூட்டம் பெருகிப் பெருகி, 1923-ல் யாங்கீஸ் முதலாளிகள் பிரம்மாண்டமான ஸ்டேடியம் ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். திறந்த அன்றே ரூத் அதில் ஒரு ஹோம் ரன் அடித்தார். 'ரூத் கட்டிய வீடு' என்றே ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1927-ல் 60 ஹோம் ரன். அந்தக் கணக்கை இன்னொருவர் தாண்ட 1961 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1930-ல் அவருடைய வருஷச் சம்பளம் 80,000 டாலர். அமெரிக்க ஜனாதிபதி ஹூவருக்கோ 75,000 தான்.

இவ்வளவும் கிடைத்த மனிதருக்கு வேறு என்ன குறை என்று கேட்கலாம். ரூத்துக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு டீமை நடத்தும் மானேஜர் ஆக வேண்டும் என்பதுதான் அது. பேஸ்பாலில் மானேஜர் என்றால் கணக்கு எழுதுகிறவர் அல்ல. யார் ஆடுவது, எப்படி ஆடுவது என்று முடிவு செய்கிற ஆசாமி. யாங்கீஸ் அதை அவருக்குக் கொடுக்கவில்லை. தன்னையே அடக்கத் தெரியாதவன் இருபது பேரை எப்படி அடக்குவான் என்று பேசிக்கொண்டார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. சாப்பாட்டிலும் குடியிலும் இரவு சுற்றுவதிலும் அவர் கணக்குப் பார்த்தவர் அல்ல. ஆனால் அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர் மானேஜர் ஆகியிருக்கிறார்கள் என்பதும் நிஜம்.

1935-ல் பாஸ்டனிலிருந்த இன்னொரு டீம் ஆசை காட்டி அழைத்தது. பிற்பாடு மானேஜர் ஆகலாம் என்று நம்பிப் போனார். அவர்களுக்கு வேண்டியிருந்தது டிக்கெட் விற்பதற்கு ஒரு பெயர். நாற்பது வயது, கனத்த உடம்பு, ஓட முடியாத கால். அந்த நிலையிலும் மே 25-ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரத்தில் ஒரே மாட்சில் மூன்று ஹோம் ரன் அடித்தார். மூன்றாவது, ஸ்டேடியத்தின் கூரைக்கு மேலாகப் பறந்து தெருப் பக்கம் போய்விட்டது. சில தினங்களில் ஆட்டத்தை விட்டு விலகினார். 1938-ல் புரூக்லின் டீம் அவரைப் பயிற்சியாளராக அமர்த்தியது. மாட்ச் ஆரம்பிப்பதற்கு முன் அவர் நாலு பந்தை அடித்துக் காட்டுவார், அதைப் பார்க்க ஜனங்கள் வருவார்கள். மானேஜர் பதவி கடைசி வரை வரவில்லை. 1948 ஆகஸ்ட் 16-ஆம் தேதி, 53-ஆவது வயதில், புற்றுநோயில் காலமானார். உடலை அவர் 'கட்டிய' அந்த ஸ்டேடியத்தில் வைத்தபோது ஆயிரமாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்துப் போனார்கள். வீடு அவர் கட்டியதுதான். பட்டா வேறு பெயரில் இருந்தது.

*

இனி நம்மவர் கதைக்கு வருவோம்.

ஸி.கே. நாயுடு ரூத்தைப் போல அநாதரவாக வளர்ந்தவர் அல்ல. தகப்பனார் இங்கிலாந்தில் சட்டம் படித்தவர். பையன் நெட்டை, மெலிந்த உடம்பு, ஆனால் முறுக்கேறிய கயிறு மாதிரி. 1916-ல் பம்பாயில் ஹிந்துக்கள் டீமில் ஐரோப்பியர்களுக்கு எதிராக முதன் முதலில் ஆடினார். அந்தக் காலத்தில் பம்பாய்ப் போட்டிகள் மத வாரியாக நடந்தன என்பது இன்று கேட்கச் சங்கடமான சங்கதிதான். ஹிந்துக்களுக்கு ஒரு டீம், முஸ்லிம்களுக்கு ஒன்று, பார்ஸிகளுக்கு ஒன்று, ஐரோப்பியர்களுக்கு ஒன்று. நாயுடு மட்டையுடன் இறங்கியபோது ஏழு விக்கெட் விழுந்து 79 ரன். முதல் மூன்று பந்துகளை அடக்கமாகத் தடுத்தார். நான்காவது பந்து ஸிக்ஸர். அந்த நான்கு பந்துகளிலேயே அவருடைய சுபாவம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நிதானமில்லாமல் வீசுகிற ஆள் அல்ல அவர். பார்த்து, அளந்து, பிறகு அடிப்பவர்.

ஒரு ஸிக்ஸருக்கு அன்று இருந்த மதிப்பை இன்றைய வாசகர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். இப்போது இருபது ஓவர் மாட்சில் ஸிக்ஸர் புளியம்பழம் உதிர்வது போல உதிர்கிறது. மட்டை கனமாகிவிட்டது, எல்லைக் கயிறு உள்ளே நெருங்கிவிட்டது. 1910 வாக்கில்தான் எல்லையைத் தாண்டி விழுந்தாலே ஆறு ரன் என்ற வழக்கம் இங்கிலாந்தில் வந்தது. அதற்கு முன் மைதானத்துக்கே வெளியே போனால்தான் ஆறு. பந்தை உயரத் தூக்குவது படித்த ஆட்டக்காரனுக்கு அழகல்ல என்று வெள்ளைக்கார வாத்தியார்கள் நினைத்தார்கள். முள்ளுக்குள் அடித்தால் அவுட் என்ற எங்கள் காப்டனும் ஒருவகையில் அந்தப் பரம்பரைதான்!

1926-ஆம் வருஷம் ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம்.ஸி.ஸி. டீம் இந்தியாவுக்கு வந்தது. பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் ஹிந்துக்களுடன் மாட்ச். முதலில் ஆடிய எம்.ஸி.ஸி. 363 ரன். அதில் கை ஏர்ல் என்பவர் எட்டு ஸிக்ஸருடன் 130 அடித்துவிட்டுப் போனார். ஆளுகிற ஜாதியின் பலம் இதுதான் என்று காட்டியாயிற்று. மறுநாள், டிசம்பர் 1-ஆம் தேதி, நாயுடு இறங்கினார்.

116 நிமிஷத்தில் 153 ரன். அதில் 13 பவுண்டரி, 11 ஸிக்ஸர். கூட்டிப் பாருங்கள்: 153-ல் 118 ரன் ஓடாமலே வந்தது. ஒரே ஆட்டத்தில் பதினொரு ஸிக்ஸர் என்பது அன்றைக்கு உலகமே காணாத கணக்கு. செய்தி பரவப் பரவ ஆபீஸ்களையும் கடைகளையும் விட்டு ஜனங்கள் வந்து குவிந்ததாகவும், மரங்களிலும் மாடிகளிலும் ஏறி நின்று பார்த்ததாகவும் அந்த நாளைக் கண்டவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு பந்து ஜிம்கானாக் கட்டிடத்தின் கூரைமேல் போய் விழுந்தது.

அந்தக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பம்பாய் ஜிம்கானா அப்போது வெள்ளைக்காரர்களின் கிளப். இந்தியன் எவ்வளவு பெரிய மனிதனானாலும் அதில் அங்கத்தினனாக முடியாது. நாயுடுவின் பந்து ஏறிய கூரைக்குக் கீழே நாயுடு அங்கத்தினராக உட்கார முடியாது. இதை நினைத்துக்கொண்டு அவர் அடித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அடிக்கிறவனுக்குப் பந்துதான் தெரியும், கூரை தெரியாது. ஆனால் மரத்தின்மேல் ஏறி நின்றவர்களுக்குக் கூரை தெரிந்திருக்கும்.

எம்.ஸி.ஸி. டீம் அவருக்கு வெள்ளி மட்டை ஒன்றைப் பரிசளித்தது. இந்தியர்கள் டெஸ்ட் மாட்ச் ஆடத் தகுதியானவர்கள் என்று கில்லிகனே எடுத்துச் சொன்னார். 1928 டிசம்பரில் இந்தியக் கிரிக்கெட் போர்டு ஏற்பட்டது. 1932-ல் இந்தியா முதல் டெஸ்ட் மாட்சுக்கு லண்டன் புறப்பட்டது.

*

எங்கள் கண்மாய்க் கேள்வி இங்கேதான் வருகிறது: காப்டன் யார்?

அன்றைய இந்தியக் கிரிக்கெட்டில் மட்டை, பந்து, மைதானம், பிரயாணச் செலவு எல்லாம் சமஸ்தானாதிபதிகளுடையவை. பாட்டியாலா, போர்பந்தர், விஜயநகரம் என்று பெயர்கள் நீளும். நாயுடுவே 1923 முதல் இந்தூர் ஹோல்கார் மகாராஜாவின் ஆள்தான். மகாராஜா அவரை அழைத்துத் தமது சேனையில் காப்டன் உத்தியோகம் கொடுத்து வைத்துக்கொண்டார். பிற்பாடு கர்னல் ஆனார். ரூத்துக்குச் சம்பளத்தை வெளிப்படையாக டாலரில் எண்ணிக் கொடுத்தார்கள். நாயுடுவுக்கு அதையே பட்டாள உத்தியோகம் என்ற சால்வை போர்த்திக் கொடுத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். இருவரும் ஒரு முதலாளியின் உப்பைத் தின்றவர்கள்தான்.

1932 டீமுக்குக் காப்டன் போர்பந்தர் மகாராஜா. அந்தப் பிரயாணத்தில் முதல்தர மாட்சுகளில் மகாராஜா எடுத்த மொத்த ரன் இரண்டு. ஆனால் அவரிடம் ரன்னைவிடப் பெரிய ஒரு குணம் இருந்தது. தமக்கு ஆடத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உப காப்டனான லிம்டி இளவரசருக்கு முதுகில் காயம். டெஸ்ட் மாட்ச் நெருங்கியதும் மகாராஜா ஒதுங்கிக்கொண்டு, நாயுடுவைக் காப்டனாக்கினார். ராஜ வம்சமல்லாத ஒருவருக்குக் கீழே ஆட மாட்டோம் என்று சில ஆட்டக்காரர்கள் முந்தின இரவு போய் முறையிட்டார்கள் என்றும், மகாராஜா அசையவில்லை என்றும் ஒரு கதை உண்டு. எப்படியானாலும் ஜூன் 25-ஆம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் காப்டனாக இறங்கியவர் நாகபுரி நாயுடு. இங்கிலாந்து 19 ரன்னுக்கு மூன்று விக்கெட்டைப் பறிகொடுத்துத் திகைத்தது. கடைசியில் 158 ரன்னில் ஜெயித்தது அவர்கள்தான். பந்தைப் பிடிக்கப்போய்க் கையில் காயம்பட்ட நாயுடு, அந்தக் கையோடு அடித்த 40 ரன்தான் முதல் இன்னிங்ஸில் இந்தியர் பக்கத்தில் அதிகம்.

அந்தப் பிரயாணத்தில் அவர் 1,600 ரன்னுக்கு மேல் எடுத்தார். முப்பதுக்கு மேற்பட்ட ஸிக்ஸர் அடித்தார். பர்மிங்ஹாமில் அவர் அடித்த பந்து ஒன்று மைதானத்தை ஒட்டி ஓடும் ரீ என்ற சிற்றாற்றைத் தாண்டியது. ஒரு ஜில்லாவில் அடித்த பந்து இன்னொரு ஜில்லாவில் விழுந்தது என்று இங்கிலீஷ்காரர்களே வேடிக்கையாகச் சொன்னார்கள். கிரிக்கெட்டின் பஞ்சாங்கமான 'விஸ்டன்' 1933-ல் அவரை வருஷத்தின் ஐந்து சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகப் போட்டது. இந்தியாவுக்காக ஆடி அந்தப் பட்டியலில் ஏறிய முதல் மனிதர் அவர்தான்.

1933 டிசம்பரில் இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் மாட்ச் நடந்தது. இடம் அதே பம்பாய் ஜிம்கானா. காப்டன் நாயுடு. லாலா அமர்நாத் 118 அடித்தார். மறு முனையில் நின்று 67 அடித்தவர் காப்டன். 1934 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டிலும் அவர்தான் காப்டன். சேப்பாக்கத்துக்கு அவர் புதியவர் அல்ல. முன்பொரு தடவை அவர் அடித்த பந்து மைதானத்துக்கு வெளியே நெடுந்தூரம் போய் ஒரு தென்னை மரத்தடியில் விழுந்தது என்று பழைய ரசிகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தென்னை மரம் வருஷா வருஷம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம். நல்ல கதைக்கு அது குற்றமில்லை.

பிறகு 1936. மறுபடியும் இங்கிலாந்துப் பிரயாணம். இந்தத் தடவை காப்டன் பதவி விஜயநகரம் மகாராஜகுமாருக்குப் போயிற்று. 'விஸ்ஸி' என்று அழைக்கப்பட்டவர். போர்பந்தர் மகாராஜாவிடம் இருந்த அந்த ஒரு குணம் இவரிடம் இல்லை. மூன்று டெஸ்டிலும் தாமே காப்டனாக இறங்கி, ஆறு இன்னிங்ஸில் 33 ரன் எடுத்தார். டீம் இரண்டாகப் பிளந்தது. அமர்நாத்தை ஒழுங்கீனம் என்று சொல்லி முதல் டெஸ்டுக்கு முன்பே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு பம்பாய்ப் பிரதம நீதிபதி பியூமாண்ட் தலைமையில் நடந்த விசாரணை மகாராஜகுமாரைத்தான் குறை சொன்னது. ஆனால் அதற்குள் பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தாகிவிட்டது.

முன்னாள் காப்டன் நாயுடு அந்த டீமில் சாதாரண ஆட்டக்காரர். நாற்பது வயது. கடைசி டெஸ்ட் லண்டன் ஓவல் மைதானத்தில். இங்கிலாந்து 471 ரன் குவித்திருந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் நாயுடு ஆடும்போது, இங்கிலாந்துக் காப்டன் ஆலன் வீசிய வேகப் பந்து ஒன்று அவர் மார்பில் வந்து மோதியது. தள்ளாடினார். வெளியே போகவில்லை. திரும்ப நின்று ஆடி 81 ரன் அடித்தார். டெஸ்ட் மாட்சில் அவர் எடுத்த அதிகபட்சம் அதுதான். அதுவே அவருடைய கடைசி டெஸ்டும் ஆயிற்று. ஏழு டெஸ்ட், 350 ரன், சராசரி 25. ஒரு சதம்கூட இல்லை. கணக்குப் புஸ்தகத்தை மட்டும் பார்க்கிறவன் இந்த மனிதரைப் பற்றி இத்தனை பேச்சு ஏன் என்றுதான் கேட்பான். 37-ஆவது வயதில் முதல் டெஸ்ட் ஆடியவரின் கணக்கு வேறு எப்படி இருக்கும்?

*

நாயுடுவைத் தெய்வமாக்குவது என் நோக்கமல்ல. அவர் கண்டிப்பானவர்; சிப்பாய் ஒழுங்கை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர். அவருக்குப் பயந்தவர்கள் நிறைய, பிடிக்காதவர்களும் நிறைய. ராஜாக்களோடு போராடிய ஏழைப் பங்காளன் என்றும் அவரைச் சித்திரிக்க முடியாது. ஒரு ராஜாவின் நிழலில்தான் பல வருஷங்கள் ஆடினார்.

அவரைவிடக் கீழ்ப் படியில் நின்றவர்களும் இருந்தார்கள். பல்வாங்கர் பாலூ என்ற மகத்தான பந்து வீச்சாளர், தீண்டாமைக்கு உட்பட்ட சாதியில் பிறந்தவர், 1911-ல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். ஹிந்துக்கள் டீமின் காப்டன் பதவியை அவருக்குக் கடைசி வரை கொடுக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் கிடைத்தது. அமெரிக்காவில் ஜோஷ் கிப்ஸன் என்ற நீக்ரோ ஆட்டக்காரர் ரூத்துக்குச் சமமாக அடித்தவர் என்பார்கள். தோல் நிறத்தினால் பெரிய போட்டிகளில் அவரைச் சேர்க்கவே இல்லை. 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஏப்ரலில் ஜாக்கி ராபின்ஸன் மூலம் அந்தக் கதவு திறந்தது. கறுப்பர் போட்டிகளின் கணக்கையும் பெரிய கணக்கில் சேர்த்துக்கொண்டது 2024-ல்தான்! அப்போது பார்த்தால், ஆயுள் சராசரியில் எல்லோருக்கும் மேலே நிற்கிற பெயர் கிப்ஸனுடையது. செத்தவனுக்கு 77 வருஷம் கழித்துக் கொடுத்த காப்டன் பதவி.

ரூத் 40 வயதில் ஆட்டத்தை விட்டார். நாயுடு விட மறுத்தார். டெஸ்ட் ஆட்டம் முடிந்த பிறகுதான் அவருடைய இரண்டாவது ஆயுள் தொடங்கியது என்று சொல்லலாம். ஹோல்கார் டீமுக்குக் காப்டனாக நான்கு தடவை ரஞ்சிக் கோப்பையை ஜெயித்தார். 1945-46 பருவத்தில், ஐம்பது வயதில், பரோடாவுக்கு எதிராக 200 ரன் அடித்தார். ஒருதரம் பட்கரின் வேகப் பந்து வாயில் பட்டுப் பல் விழ, விழுந்ததை மட்டையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு அடுத்த பந்தைப் போடச் சொன்னார் என்று ஒரு கதை. அப்போது அவருக்கு வயது 56. ஒரு ஈரல் டானிக் விளம்பரத்துக்கு 1941-லேயே அவர் படத்தைப் போட்டிருந்தார்கள். விளம்பரத்துக்கு முகம் கொடுத்த முதல் இந்தியக் கிரிக்கெட்காரர் அவர். டானிக்கைப் பற்றித் தெரியாது. ஆனால் விளம்பரத்துக்கு ஏற்ற ஆளைத்தான் பிடித்தார்கள்!

இதற்குள் தேசம் மாறிவிட்டது. சமஸ்தானங்கள் இணைந்தன. எங்கள் பக்கத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது போல, இந்தூரிலும் ஹோல்கார் ராஜ்யம் அதே வருஷம் மத்திய பாரதத்தில் கரைந்தது. சில வருஷங்களில் ஹோல்கார் டீமும் பெயர் மறைந்தது. மட்டைக்குச் சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். மட்டை பிடித்தவர் மட்டும் மைதானத்திலேயே இருந்தார். 1956-57 பருவத்தில், 61 வயதில், உத்தரப் பிரதேசத்துக்காக ரஞ்சிப் போட்டியில் ஆடினார். அதே 1956-ல் சர்க்கார் பத்மபூஷண் விருது கொடுத்தது. தேர்வுக் குழுவில் இருந்தார், ரேடியோவில் பேசினார். 68 வயதில்கூட ஒரு தர்ம காரிய மாட்சில் இறங்கினார். 1967 நவம்பர் 14-ஆம் தேதி இந்தூரில் காலமானார். தம்பி ஸி.எஸ். நாயுடு டெஸ்ட் ஆட்டக்காரர். மகள் சந்திரா இந்தியாவில் கிரிக்கெட் வர்ணனை செய்த முதல் பெண்மணி. இளைஞர்களுக்கான ஒரு கோப்பையும், கிரிக்கெட் போர்டின் வாழ்நாள் சாதனை விருதும் இன்று அவர் பெயரில் இருக்கின்றன. விஸ்ஸி பெயரிலும் ஒரு கோப்பை இருக்கிறது. சரித்திரம் அப்படித்தான், இரு தரப்பாருக்கும் பாத்திரம் கொடுத்துவிடும்.

இரண்டு ஜாதகங்களையும் மூடிவைக்கும்போது ஒன்று தோன்றுகிறது. ரூத்துக்கு மட்டை பணம் கொடுத்தது, புகழ் கொடுத்தது, நாற்காலியைக் கொடுக்கவில்லை. நாயுடுவுக்கு அது ஒருமுறை நாற்காலியையும் கொடுத்தது. ஆனால் அதற்கு மேலே இருந்த ஒருவர் எழுந்து வழிவிட வேண்டியிருந்தது. அடுத்த தடவை இருந்தவர் எழுந்திருக்கவில்லை. திறமையினால் கதவைத் தட்டத்தான் முடியும். திறக்கிறவன் உள்ளே இருக்கிறான். ஆனால் ஓயாமல் தட்டுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. பம்பாயில் மரத்தின்மேல் நின்றவர்கள் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான்.

எங்கள் கண்மாய்ப் பையனைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்தச் சட்டம் வந்த பிறகு அவன் சில நாள் அடக்கிக்கொண்டு தட்டித் தட்டி ஆடினான். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு சாயங்காலம் என்ன நினைத்தானோ, முழு வீச்சாக வீசினான். பந்து கரையைத் தாண்டி, முள்ளைத் தாண்டி, அப்பால் மிளகாய்த் தோட்டத்தில் போய் விழுந்தது. முள்ளுக்குள் விழுந்தால்தானே அவுட்? தாண்டி விழுந்தால் என்ன என்று சட்டத்தில் இல்லை. காப்டன் வெகுநேரம் யோசித்தான். நாங்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஆறு" என்றான் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

பந்து கிடைக்கவில்லை. பையன் மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் முதல் ஆளாக மட்டையை அவன் கையில் கொடுத்தவன் அந்தக் காப்டன்தான்.